கீற்று, ஓடு, தகரம், தளம்: புயல் கரையில் மானியத்தைக் கொண்டு எந்தக் கூரையைப் போடுவது?

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவின் தென்கோடியில் உள்ள எல்லா வகைக் கூரைகளையும் ஒரே இரவில் சோதித்துப் பார்த்துவிட்டது. அதன்பிறகு, அரசு மானியம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கான்கிரீட் தளம் போட்டுவிட வேண்டும் என்பதே ஊர்ப்பேச்சாக இருக்கிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் சரிதான். ஆனால் மானியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவர் போடும் தளமும் கடற்கரையில் எல்லா இடத்திலும் நிலைப்பதில்லை. ஆகவே நான்கு கூரைகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அந்த அளவுகோல் காற்றின் இழுவிசை. புயல்காற்று கூரையின் மேல் வழுக்கிச் செல்லும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்றடிக்கும் பக்கத்துக் கதவோ சன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளுகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டின்படி, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். வேகம் 180 ஆனால் அது 150 கிலோவைத் தாண்டிவிடும், ஏனெனில் வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்காகும். சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பான இறவாணத்திலும் மூலைகளிலும் முகட்டிலும் இழுப்பு இன்னும் கடுமையாக இருக்கும். இதற்கு எதிராகக் கூரையின் சொந்த எடையை வைத்துப் பாருங்கள்: தகர ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ, ஆஸ்பெஸ்டாஸ் சுமார் 15 கிலோ, மங்களூர் ஓடு சுமார் 40 கிலோ, நான்கு அங்குலத் தளம் 250 கிலோ. தளம் தன் எடையாலேயே நின்றுவிடுகிறது. மற்ற மூன்றும் கட்டி வைத்தால்தான் நிற்கும். 300 சதுர அடித் தகரக் கூரையின் எடை 150 கிலோகூட வராது, அதை 120 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய இரண்டு டன் விசையோடு தூக்கப் பார்க்கிறது என்பதை மனத்தில் கொண்டால், கூரை எதனால் ஆனது என்பதைவிட எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று ஏன் முதலில் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

தளத்துக்கு மானியத்தின் முழு ஆதரவும் உண்டு. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும், மீதியைத் தீப்பிடிக்காத வேறு கூரையாகப் போட்டுக்கொள்ளலாம். பிரதம மந்திரி ஊரக வீடு வழங்கும் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கான அடிப்படைத் தொகை 1.20 லட்சம்தான் என்றாலும், கான்கிரீட் மேற்கூரைக்கென்றே மாநில அரசு அதன்மேல் தனித்தொகை சேர்க்கிறது. ஆக, அரசின் பார்வையில் புயலைத் தாங்கும் கூரை என்றால் அது தளம்தான்.

ஆனால் தளத்துக்குக் காற்றைவிட உப்புதான் எதிரி. வேதாரண்யம், கோடியக்கரை போன்ற இடங்களில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. பழைய தொகுப்பு வீடுகளின் உட்கூரையில் கம்பி வரிவரியாகத் தெரிவதைக் கடற்கரை ஊர்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் போதுமென்று கொள்ளப்படும் 20 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், இங்கே போதாது. அந்தக் கனத்துக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டையான கவரிங் பிளாக்கை வைக்காமல் ஜல்லியைச் செருகித் தூக்கிவிடும் வழக்கம் இங்கே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தன் வேலையைக் காட்டிவிடும். கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று இரண்டே இரண்டைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது: கவரிங் பிளாக் வைத்திருக்கிறார்களா, கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுகிறார்களா. மானியத் தொகை கட்டி முடிக்க முடிக்கத்தான் தவணையாக வருகிறது என்பதால், கையில் கொஞ்சம் பணம் இல்லாமல் இறங்குபவர் சுவர் மட்டத்தோடு நின்று, மழைக்காலத்தைத் தார்ப்பாயின் கீழ் கழிக்க நேரிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தகரம்தான் உண்மையான போட்டியாளர், ஆனால் ஒழுங்காகக் கட்டிய தகரம். புயலுக்குப் பிறகு வயலில் கிடக்கும் தகரக் கூரையை நெருங்கிப் பார்த்தால், பல சமயங்களில் ஷீட்டும் அதை இழுத்துப் பிடித்த ஜே போல்ட்டும் (கொக்கிபோல் வளைந்த போல்ட்) சேதமின்றி இருப்பதையும், அவற்றோடு சேர்ந்து கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரமே சுவரிலிருந்து பெயர்ந்து வந்திருப்பதையும் காணலாம். ஷீட்டைக் கைமரத்தோடு பிணைத்தவர் கைமரத்தைச் சுவரோடு பிணைக்கவில்லை. இரண்டு செங்கல்லுக்கு நடுவே சொருகிப் பூசிவிட்டார். சுவரின் தலையில் கம்பியோடு ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு, அதிலிருந்து நீட்டிய கம்பியால் கைமரத்தையோ இரும்புக் குழாயையோ இறுக்கிக் கட்டினால், தகரம் பெரும்பாலான புயல்களைத் தாங்கும். இறவாணத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாமல் இருப்பதும், ஓரங்களில் போல்ட்டுகளை நெருக்கி அடிப்பதும், இரண்டு பக்கச் சரிவைவிட நான்கு பக்கச் சரிவாக அமைப்பதும் இழுப்பைக் குறைக்கும். வெயிலில் உள்ளே வேகும் என்பதும், கடலோரத்தில் போல்ட் துருப்பிடித்துத் துளை பெரிதாகும் என்பதும் அதன் குறைகள். போல்ட்டை அவ்வப்போது மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும், அதை யாரும் செய்வதில்லை என்பது வேறு கதை.

ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வளையாது, உடையும், உடைந்தால் வெளிவரும் நார் நுரையீரலுக்குக் கேடு. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மலிவு என்பதற்காக அதை வாங்குபவருக்கு அந்த விலையிலேயே மெல்லிய தகரத்தை வாங்கச் சொல்வேன்.

ஓட்டுக்கு எடை உண்டு, குளிர்ச்சி உண்டு, ஆனால் ஒவ்வொரு ஓடும் தனித்தனியாக ரீப்பரில், அதாவது கைமரத்தின் குறுக்கே அடித்த மெல்லிய சட்டத்தில், தொங்குகிறது. முகட்டோட்டையும் ஓர வரிசைகளையும் கம்பியால் ரீப்பரோடு கட்டினால் கணிசமாகத் தாங்கும். ஒரு தென்னை மரம் விழுந்தால் எந்தக் கட்டும் நிற்காது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வீட்டை ஒட்டித் தென்னை நிற்கும் தோப்புகளில் ஓட்டைத் தவிர்க்க இது சிறிய காரணம் அல்ல.

கீற்றுக்கு மானியமே கிடையாது. கஜாவின்போது முழுமையாகச் சேதமடைந்த குடிசைக்கு அறிவிக்கப்பட்ட 10,000 ரூபாய் நிவாரணம்தானே தவிர மேம்பாடு அல்ல. இருந்தாலும் பழைய மீன்வலையைக் கூரைமேல் விரித்து, நான்கு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டும் மீனவர்களின் வழக்கம், ஏறக்குறைய செலவே இல்லாமல் கூரையைத் தரையோடு பிணைக்கும் முறை. சுவர் போனாலும் அடியில் இருப்பவர் நசுங்கமாட்டார் என்பதும் கீற்றின் பக்கம் நிற்கும் ஒரு வாதம்.

பட்டா இருப்பவர் மானியத்துக்கு விண்ணப்பித்துத் தளம் போடுவதுதான் சரி, கவரிங் பிளாக்குக்குத் தன் கைப்பணத்தைச் சேர்த்தாவது. புறம்போக்கில் இருப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. இருக்கும் கூரையை வலுப்படுத்த மட்டும் என்று ஒரு சிறு உதவித்தொகை நம்மிடம் இல்லாததால் அவர் எதுவுமின்றி நிற்கிறார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் வீட்டின் கூரையை வலுப்படுத்தவே 10,000 டாலர் வரை மானியம் தருகிறார்கள், வேலை குறித்த தரத்தில் முடிந்ததென்று சான்று பெற்ற பிறகே பணம் போகிறது. அப்படியொன்று வரும்வரை, பட்டா இல்லாத தகர வீட்டுக்காரர் ஐப்பசி மழைக்கு முன்பே தன் வீட்டின் நான்கு மூலைக் கைமரங்களைச் சுவரோடு கம்பி போட்டு முறுக்கிக் கட்டட்டும். பிறகு இறவாண வரிசைக்கு இரட்டை போல்ட் அடிக்கட்டும். ஷீட்டுக்குக் கடைசியாகப் பணம் போகட்டும்.