கல்லுக்குத் தங்க விலை போடாத கடை: மதுரை தெற்காவணி மூல வீதியில ஒரு நகைக்கடை அனுபவம்

பொண்ணு வளைகாப்புக்கு ஒரு சிவப்புக்கல் அட்டிகை எடுக்கணும்னு ரெண்டு மாசமா அலைஞ்சோம். தெற்காவணி மூல வீதி பத்தி மதுரைக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, தெரு முழுக்க நகைக்கடைதான். கடைசியா போனது ஒரு சின்ன கடை, அப்பாவும் மகனும் பார்த்துக்கிறாங்க, ஏசி கூட கிடையாது. கடை பேரு இங்க போடல, அவங்க அனுமதி நான் கேக்கல. ஆனா அங்க எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல எடை போட்ட விதம். அட்டிகைய தராசுல வைக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பையன் கத்தரிக்கோல் எடுத்து டேக்க நூலோட வெட்டி தனியா வச்சான், தராசோட கண்ணாடிக் கதவ மூடினான், முழுசா ஜீரோ காட்டுற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் நகைய வச்சான், நம்பர் தெரியுற பக்கத்த எங்க பக்கம் திருப்பியும் வச்சான். டேக் நூல் எல்லாம் சேர்ந்து நூறு மில்லிகிராமுக்கு மேலயே வரும்மா, அதுக்கு நீங்க தங்க விலை குடுக்கக் கூடாதுல்லன்னு சொன்னான். இத்தனை வருஷமா நகை வாங்குறேன், ஒரு கடையிலயும் டேக்க வெட்டிட்டு எடை போட்டு நான் பார்த்ததில்ல. தராசுல தொழிலாளர் துறை முத்திரை இருக்கான்னு என் வீட்டுக்காரர் கேட்டார், கோவிச்சுக்காம சர்டிபிகேட்ட எடுத்துக் காட்டினாங்க.

மொத்த எடை 26.400 கிராம். அதுல கல்லும் கல்லுக்கு அடியில வைக்கிற அரக்கும் சேர்ந்து 3.150. தங்கம் 23.250தான். இந்த மூணு எண்ணையும் நாங்க கேக்காமலே பில்லுல தனித்தனியா எழுதி, தங்க விலை, சேதாரம் எல்லாம் 23.250க்கு மட்டும் கணக்குப் போட்டாங்க, கல்லுக்கு 1,800 ரூபாய்னு பில்லுல தனியா ஒரு வரியில எழுதினாங்க.

இது ஏன் பெரிய விஷயம்னா, இதுக்கு முன்னாடி போன ஒரு பெரிய கடையில (பேரு வேணாம்) இதே மாதிரி ஒரு அட்டிகைக்கு மொத்த எடைக்கும் தங்க விலை போட்டு எஸ்டிமேட் குடுத்தாங்க. கல் எடை எவ்வளவு சார்னு கேட்டதுக்கு அதெல்லாம் பார்க்க மாட்டோம் மேடம் எல்லாமே சேர்த்துதான்னு சொன்னாங்க. சரி இதையே நாளைக்கு உங்ககிட்ட விக்க வந்தா?ன்னு கேட்டேன், அப்ப கல்லக் கழிச்சுட்டுதான் எடுப்போம்னு கொஞ்சம்கூட கூச்சமில்லாம சொன்னாரு அந்த சேல்ஸ்மேன். வாங்கும்போது தங்கமா இருந்த கல்லு விக்கும்போது கல்லா ஆயிடுது, மூணு கிராம் தங்கத்தோட காசு போச்சு, அதுக்கு மேல சேதாரமும் 3 சதவீதம் ஜிஎஸ்டியும் வேற. இத வியாபார சாமர்த்தியம்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு இது திருட்டுதான்.

ஹால்மார்க் நகைக்கு பில்லுல தங்கத்தோட நிகர எடை, எத்தனை கேரட், ஹால்மார்க் கட்டணம் இதெல்லாம் தனியா காட்டணும்னு பிஐஎஸ் (ஹால்மார்க் முறைய நடத்துற இந்திய தர நிர்ணய அமைவனம்) சொல்லுது. அதனால பில் வாங்காம வராதீங்க. எஸ்டிமேட் சீட்டுல முடிச்சுக்கலாம், ஜிஎஸ்டி மிச்சம்னு சொன்னா நம்பாதீங்க, மிச்சமாகுற 3 சதவீதத்துக்கு நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா உங்க கையில ஒண்ணுமே இருக்காது.

சேதாரம் முதல்ல 14 சதவீதம்னாங்க, பேசினப்புறம் 11க்கு வந்தாங்க. 11 சதவீதம்னாலே ரெண்டரை கிராம். ஏன்ணே இவ்வளவுன்னு பெரியவர்கிட்ட கேட்டேன், இது கையால கல் பதிக்கிற வேலைம்மா, மெஷின் செயினுக்கு இவ்வளவு வாங்கினா தப்பு, உங்களுக்கு செயின்தான் வேணும்னா பாதிதான் போடுவேன்னாரு. அவர் சொன்ன இன்னொன்னு மனசுல நின்னுடுச்சு. பட்டறையில தங்கம் சும்மா போறதில்லையாம், கூட்டுற தூசியக்கூட காசு குடுத்து வாங்கிட்டுப் போய் கழுவி தங்கம் எடுக்குறவங்க இருக்காங்களாம், அதனால சேதாரம்னு வாங்குறதுல பெரும்பங்கு கூலியும் எங்க லாபமும்தாம்மான்னு நேராவே சொல்லிட்டாரு. லாபத்த லாபம்னு சொல்ற வியாபாரிகிட்ட பேரம் பேசவே ஒரு மரியாதை வருது.

அடுத்தது எங்க அம்மாவோட ரெண்டு பவுன் வளையல். 2009ல வாங்கினது, உள்பக்கம் 916 கேடிஎம்னு சீல் இருக்கும், 916னா நூத்துக்கு 91.6 பங்கு சுத்தத் தங்கம்னு அர்த்தம். அத மாத்திக்கலாம்னு குடுத்தோம். டச் (நூத்துக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம்ங்கிற சோதனை) பார்த்தா 84தான் வருது! அந்தப் பையனே நம்பாம வேற இடத்துல இன்னொரு தடவை மெஷின்ல வச்சு எங்களையும் கூட நிக்கவச்சுக் காட்டினான், அதேதான். கணக்குப் போட்டுப் பாருங்க, 16 கிராம்ல 14.66 கிராம் சுத்தத் தங்கம் இருக்கணும், இருக்கிறது 13.44. ஒண்ணேகால் கிராம் கிட்ட இல்லவே இல்ல, அம்மா பதினஞ்சு வருஷத்துக்கு மேல அத 916னு நம்பி கையில போட்டிருந்தாங்க. கேடிஎம்ங்கிறது காட்மியம் வச்சு பத்த வைக்கிற முறை, அந்தப் புகை பட்டறைக்காரங்களுக்கு விஷம்னு விட்டாச்சு, அந்த சீல் கடைக்காரர் தானா குத்திக்கிறது, அது ஹால்மார்க்கே கிடையாதுன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. ஹால்மார்க் நகையா இருந்து தரம் குறைஞ்சிருந்தா குறைஞ்ச மதிப்புக்கு ரெண்டு மடங்கு நஷ்டஈடு கேக்க வழி இருக்கு. அம்மா வளையலுக்கு அதுவும் இல்ல.

இப்ப 2023 ஏப்ரல் 1லேருந்து ஆறு இலக்க எச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா குடுக்குற அடையாள எண்) இல்லாம ஹால்மார்க் நகை விக்கக் கூடாது. எண்ணும் எழுத்தும் கலந்து வரும், லென்ஸ் வச்சாதான் தெரியும். பிஐஎஸ் கேர் ஆப்புல அந்த நம்பரப் போட்டா எந்தக் கடை, எந்த சென்டர்ல சோதிச்சது, என்ன நகை, என்ன தரம்னு வரும். இங்க அந்தப் பையன் லென்ஸ என் கையில குடுத்து நீங்களே படிங்கம்மான்னு சொல்லி என் போன்லயே போட்டுப் பார்க்க வச்சான். அட்டிகைன்னுதான் வந்திருக்கா, மோதிரம்னு வந்திருக்கான்னு அதையும் பாருங்கன்னான், ஒரு நகையோட நம்பர வேற நகையில குத்தி ஏமாத்துறதும் உண்டாம். ரெண்டு கிராமுக்குக் கீழ இருக்குற மூக்குத்தி மாதிரி நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல, அதனால அங்க கடைக்காரர் வார்த்தைதான்.

குறைன்னா, டிசைன் கம்மி. வண்டி நிறுத்த இடமே இல்ல. ஜிமிக்கிக்கு ஆர்டர் குடுத்தது சொன்ன தேதிக்கு நாலு நாள் கழிச்சு வந்தது, போன் பண்ணியும் சொல்லல, வளைகாப்புக்கு முந்தின நாள் வரைக்கும் பதட்டமா இருந்துச்சு, அது தப்புதான். 11 மாச நகைச்சீட்டு வச்சிருக்காங்க, ஆனா கட்டுற பணம் அன்னன்னைக்கு ரேட்ல கிராமா ஏறுதா இல்ல கடைசி நாள் ரேட்தானான்னு அட்டையில எழுதல. கேட்டா கடைசி நாள் ரேட்னு சொல்றாங்க. வாயால சொல்றத அட்டையில அச்சடிச்சுப் போடுங்கண்ணேன்னு சொல்லிட்டு வந்தேன். அவ்வளவு சுத்தமா பில் போடுற கடையில இது மட்டும் ஏன் இப்படி விட்டுவச்சிருக்காங்கன்னு தெரியல.

அஞ்சுக்கு நாலு தர்றேன். போறவங்க வார நாள்ல காலையில பதினொரு மணிக்குள்ள போங்க, முகூர்த்த நாள்ல பெரியவர்கிட்ட நின்னு பேசவே முடியாது. வீட்டுல பழைய கேடிஎம் நகை இருந்தா மாத்தப் போறதுக்கு முன்னாடி ஹால்மார்க்கிங் சென்டர்ல குடுத்து டச் பார்த்து ரிப்போர்ட் வாங்கிக்கோங்க. அம்மா வளையல நாங்க மாத்தல, 84ஓ 91ஓ அது அப்பா வாங்கினதுன்னு திரும்பக் கையில போட்டுக்கிட்டாங்க.