டேனியல் பூன் வீடு, மிசோரி: அப்பாவோடு போய் வந்தோம்

செயிண்ட் லூயிஸில் இருந்துகொண்டு டேனியல் பூன் வீட்டுக்கு இதுவரை போகாதவர்கள் அடுத்த சனிக்கிழமையே போய்விட்டு வாருங்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிற சமயம் என்றால் அவர்களையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் போன மாதம் போய் வந்தோம். அந்த வீடு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

மகனுக்கு நாலாம் வகுப்பில் ஒரு புராஜெக்ட். அமெரிக்க எல்லைப்புறத்தில் ஆரம்ப காலத்தில் குடியேறிய ஒருவரை எடுத்துக்கொண்டு அவருடைய குடும்ப மரத்தை வரைந்து கதையும் எழுத வேண்டும். இவன், கென்டக்கிக்குக் குடியேறிகளை வழிநடத்திப் போன வேட்டைக்காரர் டேனியல் பூன் பெயரைக் கொடுத்துவிட்டான். நான் முதலில் ஒரு வம்சாவளித் தளத்துக்கு ஒரு மாதச் சந்தா கட்டிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். யார் யாரோ போட்டுவைத்த பூன் மரங்கள், ஒரே மகளுக்கு மூன்று பிறந்த வருடம், ஆதாரம் எங்கே என்று அழுத்தினால் ஒரு மரம் இன்னொரு மரத்தைக் காட்டுகிறது. அந்தக் காசு வீண்தான். அப்புறம்தான் நேரிலேயே போய்விடலாம் என்று கிளம்பினோம். அப்பா நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது எங்களோடு இருக்கிறார், அவரும் வந்தார்.

வீடு இருப்பது டிஃபையன்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், ஃபெம் ஓசேஜ் ஓடைப் பள்ளத்தாக்கில். எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. 94-ஆம் சாலை வளைந்து வளைந்து திராட்சைத் தோட்டங்கள் நடுவே போகிறது, காரில் வாந்தி வருகிற குழந்தைகள் இருந்தால் மெதுவாக ஓட்டுங்கள். செயிண்ட் சார்ல்ஸ் கவுண்டி பூங்காத் துறை பராமரிக்கிறது. திறந்திருக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் டேனியல் பூன் வீடு என்றாலும் அது அவர் கடைசி மகன் நேத்தனுடைய வீடு. 1810-களில் கட்டியது, சுண்ணாம்புக்கல் சுவர், இரண்டரை அடி கனம். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே கால் வைத்ததும் நம்மூர்ப் பழைய கல் மண்டபத்துக்குள் போனது போல ஒரு குளிர்ச்சி. சுவர் அவ்வளவு கனமாக இருப்பதால் ஜன்னல் விளிம்பு ஒரு திண்ணை மாதிரியே இருக்கிறது, மகன் அதில் ஏறி உட்காரப் பார்த்தான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். வழிகாட்டியாக வந்த அம்மா முதலில் காட்டியது ஒரு சின்ன அறை. 1820 செப்டம்பர் 26 அன்று டேனியல் பூன் இறந்தது இங்கேதான், வயது 85.

அப்பா அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு நாட்டைத் திறந்துவிட்ட மனுஷனுக்குக் கடைசியில் மகன் வீட்டில் ஒரு அறைதானா?" என்று என்னிடம் கேட்டார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மா உட்காரச் சொல்லிவிட்டு முழுக் குடும்பக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொன்னார், அடுத்த இருபது நிமிடம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

டேனியலின் அப்பா ஸ்குவையர் பூன் இங்கிலாந்தின் டெவன் பகுதிக்காரர், நெசவாளி, குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். 1713-இல் பென்சில்வேனியா வந்து, சாரா மோர்கன் என்ற வேல்ஸ் வம்சத்துக் குவேக்கர் பெண்ணைக் கட்டிக்கொண்டார். பதினோரு பிள்ளைகளில் டேனியல் ஆறாவது, பிறந்தது 1734. மூத்த மகள் சபைக்கு வெளியே கல்யாணம் செய்தபோது ஸ்குவையர் சபையில் மன்னிப்புக் கேட்டார். 1747-இல் மூத்த மகனும் அதையே செய்தபோது மாட்டேன் என்று நின்றுவிட்டார், சபை அவரைத் தள்ளி வைத்தது. மூன்று வருடத்தில் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பக்கம் போய்விட்டது. ஒரு கல்யாணச் சண்டை ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

யாட்கினில்தான் டேனியல் 1756-இல் ரெபேக்கா பிரையனைக் கட்டினார், பத்துக் குழந்தைகள். எனக்குச் சரியாக உறைத்த பகுதி இதுதான். வேட்டைக்கும் தோலுக்கும் என்று டேனியல் மாதக் கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேலாக வெளியே இருப்பார், வீடு, வயல், குழந்தைகள் எல்லாம் ரெபேக்கா தலையில். 1773-இல் கென்டக்கியில் குடியேறக் கிளம்பியபோது மூத்த மகன் ஜேம்ஸ் கம்பர்லாந்து கணவாய்க்கு வரும் வழியிலேயே சித்திரவதை செய்து கொல்லப்பட்டான், பதினாறு வயது. அது பழங்குடியினரின் வேட்டைக் காடு, அதற்குள் குடும்பம் குடும்பமாக நுழைவதை அவர்கள் விடத் தயாராக இல்லை. 1782-இல் கென்டக்கியில் புளூ லிக்ஸ் என்ற இடத்தில் நடந்த சண்டையில் இன்னொரு மகன் இஸ்ரேல், அப்பாவின் கண் முன்னாலேயே போனான். பள்ளிப் பாடத்தில் இதெல்லாம் ஒரு வரி. அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெமிமா என்ற மகளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். 1776 ஜூலையில், குடும்பம் கென்டக்கிக்கு வந்துவிட்ட பிறகு, இன்னும் இரண்டு பெண்களோடு ஆற்றில் படகில் இருந்தவளைப் பழங்குடியினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், பதின்மூன்று வயது, போகிற வழியெல்லாம் கிளையை ஒடித்துத் தடயம் விட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள் அந்தப் பெண்கள், அப்பா துரத்திப்போய் மீட்டுவந்தார். இரண்டு வருடம் கழித்து அப்பாவே ஷானி என்ற பழங்குடி மக்களிடம் பிடிபட்டார். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தத்தெடுத்து, 'பெரிய ஆமை' என்று பொருள்படப் பெயரும் வைத்தார். செத்துவிட்டார் என்று நினைத்து ரெபேக்கா மற்றக் குழந்தைகளோடு கரோலினாவுக்கே திரும்பிவிட்டார். ஜெமிமா மட்டும் கென்டக்கியில் அவர்கள் குடியிருந்த பூன்ஸ்பரோ கோட்டையை விட்டு நகரவில்லை. டேனியல் தப்பித்து நாலு நாளில் சுமார் 160 மைல் கடந்து வந்து நின்றபோது கோட்டையில் இருந்த சொந்த மகள் இவள் ஒருத்திதான்.

நிலக் கதை வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் கீழ். அரசு முதலில் அளந்து கொடுக்கவில்லை, அவரவர் இடத்தை அவரவரே அளந்து பதிய வேண்டும். ஓக் மரம், ஓடை வளைவு, பாறை இவைதான் எல்லை. மரம் விழுந்தால் எல்லையும் போயிற்று. ஒரே நிலத்தை நாலு பேர் அளந்து பதிந்தார்கள், ஓட்டு வில்லை போல ஒன்றன் மேல் ஒன்று. டேனியலும் நிலம் அளந்தவர்தான். ஆனால் வழக்கிலும் கடனிலும் கென்டக்கி நிலமெல்லாம் கையை விட்டுப் போனது. அந்தக் காலத்து அமெரிக்க அளவைக்காரர்கள் நிலம் அளக்கப் பயன்படுத்திய குன்டர் சங்கிலி, 66 அடி நீளம், 100 லிங்க் (கண்ணி), அதே கணக்கில்தான் நம்மூர்ப் பழைய புலப்படங்களும் இருக்கும் என்று அப்பா பேரனுக்கு நடந்தே காட்டினார். 1799-இல், 65 வயதை நெருங்கும்போது, ஸ்பெயின் கையில் இருந்த மிசோரிக்கு வந்தார் டேனியல். 850 ஏக்கர் கிடைத்தது, காகிதத்தைச் சரியாக முடிக்கவில்லை. 1803-இல் அமெரிக்கா வாங்கியதும் அதுவும் போயிற்று. 1814-இல் காங்கிரஸ் திருப்பிக் கொடுத்ததைப் பழைய கடனுக்கே பெரும்பாலும் விற்றார். "பட்டா இல்லாத நிலம்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேத்தன் கதையும் அருமை. பதினெட்டு வயதில், பதினாறு வயது ஆலிவைக் கட்டிக்கொண்டு, அப்பாவைத் தேடி மிசோரிக்கு வந்தவர். ஆற்றைக் கடக்கும்போது நேத்தன் துடுப்புப் போட, ஆலிவ் படகைத் திருப்பிக்கொண்டே நீந்தி வந்த குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தாராம். 1851-இல் லைமன் டிரேப்பர் என்பவர் இந்தத் தம்பதியிடம் நாள் கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். அந்தக் கையெழுத்துக் குறிப்புகள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன, டேனியலைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி அந்தப் பேச்சிலிருந்து வந்தது. மகனும் மருமகளும் சொன்னதைக் கேட்டு எழுதியதற்கும் நான் சந்தா கட்டிப் பார்த்ததற்கும் எவ்வளவு தூரம்!

ஒன்றை மட்டும் நீங்களே கேட்க வேண்டும். டேனியலும் சரி நேத்தனும் சரி, அடிமைகளை வைத்திருந்தவர்கள். இந்தக் கனமான சுவர்களுக்குப் பின்னால் யாருடைய உழைப்பு என்பதைக் குழந்தைகள் முன்னாலேயே கேளுங்கள். நான் கேட்டேன், என் மகன் அதைத் தன் கதையில் எழுதினான்.

வெளியே சுற்றுவட்டாரத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்திய பழைய கட்டடங்கள் இருக்கின்றன, ஒரு சின்ன தேவாலயமும் உண்டு. நன்றாகத்தான் இருந்தன, ஆனால் நேரம் குறைவு என்றால் வீட்டுக்கே கொடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மாடிப்படியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் மார்த்தஸ்வில் பக்கம் உள்ள கல்லறை மேட்டுக்கும் போனோம். 1813-இல் ரெபேக்கா இறந்தது ஜெமிமாவின் வீட்டில், அங்கே பக்கத்து மேட்டில் அடக்கம். டேனியலையும் அவர் பக்கத்தில்தான் வைத்தார்கள். 1845-இல் கென்டக்கிக்காரர்கள் வந்து தோண்டி ஃபிராங்ஃபோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள், சரியான எலும்பை எடுத்தார்களா என்று இரண்டு மாநிலமும் இன்னும் சண்டை போடுகின்றன. நாங்கள் போனபோது வேறு யாருமில்லை. அப்பா எல்லையை அளப்பது போல மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் படத்தில் இருந்த ரக்கூன் தோல் தொப்பியை அழித்தான். டேனியல் போட்டது சாதாரண ஃபெல்ட் தொப்பிதான் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.