‘ஸ்லோ குக்’ பொத்தானை நம்பி மின்சாரக் குக்கர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரஷர் குக்கர், குறைந்த சூட்டில் மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கர் என இரண்டு வேலையையும் ஒரே பாத்திரம் பார்க்கும் என்று கடைகளில் அடித்துச் சொல்கிறார்கள். பிரஷர் வேலையை அது ஒழுங்காகத்தான் பார்க்கிறது. மற்றதற்கு ஒரு பொத்தானும் ஒரு சிறு விளக்கும் மட்டுமே இருக்கக்கூடும். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

மதுரையில் பெயர் பெற்ற வீட்டுச் சாமான் கடை அது. அத்தைக்கு மூட்டு வலி. அடிக்கடி ஆட்டுக்கால் சூப் வைக்க வேண்டும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எலும்பின் சாறு முழுக்க இறங்கியிருக்க வேண்டும், அடுப்படியில் யாரும் காவல் நிற்கக் கூடாது என்பதைத்தான் விற்பனைப் பையனிடம் தெளிவாகச் சொன்னேன். “ராத்திரி போட்டுவிட்டு மறந்துவிடுங்கள் அக்கா, விடியும்போது கறி தானாகக் கழன்று வரும்” என்றான். ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்று கேட்டதற்கு ஒயரைத் தூக்கிப் பிளக்கைக் காட்டினான். முத்திரை இருந்தது. வீட்டில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அதன் தலையில் ஐ.எஸ். 1293 என்று பொறித்திருக்கிறது. அது பிளக்குக்கான தர எண். வீட்டுப் பிரஷர் குக்கருக்கான எண் ஐ.எஸ். 2347; அந்த முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். எங்கள் குக்கரின் உடம்பு, மூடி, அடிப்பாகம் எங்கேயும் அந்த எண்ணைக் காணோம். கடையில் ஒருவர் “இது மின்சாரச் சாமான், அந்த எண் வராது” என்கிறார். இன்னொருவர் “அட்டைப்பெட்டியில் இருக்கும், பாருங்கள்” என்கிறார். எழுதிக் கொடுங்கள் என்றால் இருவருமே அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

சூப்புக்கு வருகிறேன். காலையில் மூடியைத் திறந்தால் ஆவி வரவில்லை. மேலே கொழுப்பு ஆடை கட்டியிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் சூடுதான் இருந்தது. விரலை விட்டால் சுடவே இல்லை. எலும்பில் கறி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. லேசான புளிப்பு வாடை வேறு. கால் கிலோ சின்ன வெங்காயத்தோடு எல்லாம் குப்பைக்குப் போயிற்று.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி, ஸ்லோ குக்கில் குறைந்த சூட்டு நிலையான ‘லோ’வில் 8 மணி நேரம் விட வேண்டும். திறந்த உடனே வெப்பமானியை விட்டால் 85 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை காட்ட வேண்டும். எங்களுடையது 58 காட்டியது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும் என்பதால், அந்த இரவு முழுக்க எங்கள் வீட்டில் நடந்தது சமையலே அல்ல.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. தனி ஸ்லோ குக்கரில் கனமான பீங்கான் பாத்திரம் இருக்கும். சூடேற்றும் கம்பி பெரும்பாலும் அதன் பக்கவாட்டைச் சுற்றி ஓடும். இந்த இரட்டை வகையிலோ கீழே ஒரு தட்டு மட்டும்தான், உள்ளே மெல்லிய எவர்சில்வர் பாத்திரம். சூட்டை அளக்கும் சென்சாரும் அடியிலேயே இருக்கிறது. அடி சூடானதும் அது மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. மேலே இருப்பது ஆறிக்கிடக்கிறது. எல்லாத் தயாரிப்பும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சரியான சூட்டுக்கு வருபவையும் உண்டு. எது வரும், எது வராது என்பதைக் கடையில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். ராஜ்மா சமைப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்தால்தான் அதிலுள்ள நச்சு அழியும். ஸ்லோ குக்கர் நன்றாக இருந்தாலும் அதை நம்பி நேராகப் போடக் கூடாது.

புகார் கொடுத்ததும் வந்த மெக்கானிக், பிரஷரில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, “நன்றாகத்தானே இருக்கிறது மேடம்” என்று பழுது இல்லை என எழுதினார். ஸ்லோ குக்கைப் பாருங்கள் என்றால் அதற்கு 8 மணி நேரம் உட்கார முடியாதாம். கிளம்பும் முன் புகாரை முடிக்க ஓ.டி.பி. கேட்டார். தரவில்லை. மறுநாள் குறுஞ்செய்தி வந்தது: வாடிக்கையாளர் ஒத்துழைக்காததால் புகார் முடித்துவைக்கப்பட்டது. இரண்டு வருட வாரண்டி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது சூடேற்றும் தட்டுக்கு மட்டும் என்பது அட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ரப்பர் வளையமும் உள்பாத்திரமும் அதில் சேராது.

பில்லின் கீழே “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் வேத வாக்குப் போலக் காட்டுகிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். ஆகவே வாங்கிய கையோடு அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்து, வெப்பமானி காட்டுவதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு எதுவும் பிறகு நிற்காது.

பிரஷர் பக்கத்தில் குறை இல்லை என்றாலும் ஒன்று தெரிந்திருக்கட்டும். அடுப்புக் குக்கர் சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வேலை செய்யும். மின்சார வகை பெரும்பாலும் 10 முதல் 12 வரைதான். துவரம்பருப்புக்கு நேரம் கூடும். திரையில் காட்டும் நிமிடக் கணக்கில் அழுத்தம் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சேராது. விசிலும் கிடையாது, விசில் எண்ணியே சமைத்துப் பழகிய அத்தை இன்னமும் அதைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார். இரவில் மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்று கட்டாயம் கேளுங்கள். எங்களுடையது தொடராது. அணைந்து, பேசாமல் கிடக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து புகார் எண் வாங்கியிருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நேற்றுக் கடையிலிருந்து போன் வந்தது. “எதற்கு அக்கா இவ்வளவு தூரம், வேறு மாடல் மாற்றித் தருகிறோம், மேலே இரண்டாயிரம் மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், வேறு பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.