சேலத்தில் இறங்கி, ஏற்காட்டுக்கு ஏறும் முன்

வெளிநாட்டிலிருந்து ஊர் வரும் நம்மவர்களில் பலர் சேலத்தை ஏற்காட்டுக்கு வண்டி மாறும் இடமாக மட்டுமே வைத்திருக்கிறார்கள். ஆடி மாதத்தில் என் மனைவியோடும், யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது சிட்னியில் வாழும் என் மாமியாரோடும் சொந்த ஊருக்குப் போய் வந்த நான், மலையேறும் முன் சேலத்துக்கென்று தனியாக நாள் ஒதுக்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அப்படித் தங்குகிறவர்களுக்கு எது கைகொடுக்கும், எது இடறும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து வந்தே பாரத் ரயிலில் நான்கு மணி நேரத்துக்குள் சூரமங்கலத்தில் உள்ள ஜங்ஷனில் இறங்கிவிடலாம். சிக்கல் தங்குமிடத்தில்தான் தொடங்கியது. பண்டிகைக்கு வந்தவர்களால் உறவினர் வீடு நிறைந்திருந்ததால் முன்பதிவு செய்திருந்த விடுதியில், எங்கள் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைப் பார்த்ததும், வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் ஏற்பாடு தங்களிடம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வெளிநாட்டுக் குடிமக்களைத் தங்க வைக்கும் விடுதி, வழக்கில் சி படிவம் என்று சொல்லப்படும் அவர்களுடைய விவரப் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும் என்பது விதி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது பொருந்தும். பணம் வாங்கும்போதே இதைச் சொல்லியிருந்தால், முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவரை இரவு நேரத்தில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறு விடுதி தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்யும்போதே "சி படிவம் பதிவீர்களா?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறை நோட்டுகளும் கையில் இருக்கட்டும், ஏனெனில் தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டி வரைக்கும் க்யூ.ஆர். அட்டை இருக்கிறது, நம் வெளிநாட்டு வங்கி அட்டைக்குத்தான் அங்கே வேலையில்லை.

எட்டுப் பேட்டைகளையும் கட்டி ஆள்பவள் என்று சேலத்தார் கொண்டாடும் கோட்டை மாரியம்மனின் ஆடித் திருவிழாவும், குகை முதலிய பேட்டைகளில் தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வலம்வரும் வண்டி வேடிக்கையும் ஊரையே தெருவுக்குக் கொண்டு வந்துவிடும். அந்த நாட்களில் பேருந்துகள் மாற்றுப் பாதையில் போகும், ஆட்டோக் கட்டணமும் ஏறும். ஆனாலும் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய பகுதி முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய சுகவனேசுவரர் கோயில், மாரியம்மன் கோயில், திருமணிமுத்தாற்றங்கரையில் திப்பு சுல்தான் காலத்தது என்று சொல்லப்படும் ஜாமியா மசூதி ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன ஊர் இது. அந்த மாற்றத்தை இந்தத் தெருக்களில் நின்றே ஒருவருக்கு விளக்க முடியும், ஆனால் விளக்குவதற்கு ஒரு பலகையோ வரைபடமோ நாங்கள் நடந்த வழியில் கண்ணில் படவில்லை. வழிகாட்டியவர்கள் பூக்கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும்தான்.

பயணத்தில் மிகச் சிறந்த சேவையைப் பணம் வாங்காத ஓர் இடத்தில் கண்டோம். பொன்னம்மாப்பேட்டையில் பட்டு நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்று, தெரிந்தவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக எங்களை உள்ளே அழைத்தது. குழித்தறியில் அமர்ந்திருந்த பெரியவர் மிதியை அழுத்தியதும் நீளவாட்டு நூலான பாவு இரண்டாகப் பிரிய, அதன் நடுவே நாடா ஓடி, குறுக்கு நூலான ஊடையை விட்டுச் சென்றது. பக்கத்தில் அவர் மனைவி நாடாவுக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்காக வெண்பட்டு வேட்டி ஏறியிருந்த தறி அது. தங்களுக்குள் சௌராஷ்டிரத்திலும் எங்களோடு கொங்கு வாடை வீசும் தமிழிலும் பேசியவர்கள், என் மாமியாரின் யாழ்ப்பாணத் தமிழை ஆவலோடு கேட்டார்கள். தறிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இப்படி ஒரு சந்திப்பை முறையாக, நெசவாளருக்கு வருமானம் வரும் வகையில் யாராவது ஏற்பாடு செய்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு அது உதவும்.

ஏற்காட்டுக்கு அரசுப் பேருந்தே போதும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநரின் நிதானமும், முன்னிருக்கையை மாமியாருக்காக மாற்றித் தந்த நடத்துநரின் அக்கறையும் வாடகைக் காரில் கிடைத்திருக்காது. மேலே, ஆட்சியர் டேவிட் காக்பர்ன் 1820களில் பரப்பிய காப்பித் தோட்டங்களைக் கடந்தால், மலையாளி என்னும் தமிழ் பேசும் பழங்குடியினர் வழிபடும் சேர்வராயன் குகைக் கோயில். உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும் என்பதால் மாமியார் வாசலிலேயே கும்பிட்டார். வழியில் ஒரு காட்சிமுனையில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. முதியவர்களோடு வருபவர்கள் கீழே ஊருக்குள்ளேயே அந்தத் தேவையை முடித்துக்கொள்வது நல்லது.

மாமியார் மலைக்கு வந்ததே வேறொரு காரணத்துக்காக. யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பேர்சிவல் பாதிரியார் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். அவருடைய மருமகன், 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. "யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடம் நடத்தின மனுசன் இஞ்ச வந்தே கண்ணை மூடினவர்?" என்று மாமியார் கேட்டபோது, மலைமேல் எங்களோடு வந்த உள்ளூர் ஓட்டுநருக்குப் பேர்சிவல் என்ற பெயரே புதிதாக இருந்தது. சாலையோரத்தில் அவரைப் பற்றி மூன்று வரித் தமிழ்ப் பலகை ஒன்றை வைக்குமாறு கேட்டு மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்கள் நீங்களும் எழுதுங்கள்.