இருவருக்கு ஒரு டென்ட்: முந்திரித் தோப்பில் அடித்துப் பார்த்த நான்கு வகைகள்

பையில் '2 பேர்' என்று அச்சிட்டிருந்த இரவல் டென்ட்டில் நானும் அத்தை மகனும் முதன்முறை படுத்தது பண்ருட்டிப் பக்கம் மாமாவின் முந்திரித் தோப்பில். தை மாதம். மரமெல்லாம் பூ விட்டிருந்தது, தோப்பு முழுக்க அந்த மணம். நள்ளிரவுக்கு மேல் அவன் வெளியே போக வேண்டியிருந்தது. தலைமாட்டில் ஒரே ஒரு வாசல். வாசலுக்கு வெளியே எங்கள் இரண்டு பைகள், செருப்பு, அடுப்பு. என் தலைக்கு அந்தப் பக்கம் கையூன்றி, பைகளைத் தாண்டி அவன் போனபோது பனியில் நனைந்திருந்த மேல்துணியில் முதுகு உரசி, தண்ணீர் என் முகத்தில் சொட்டியது. திரும்பி வந்தபோதும் அதே கதை.

"மச்சான், ஹிமாச்சல்ல ஆறு ராத்திரி இதுலயேவா?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அந்தப் பனிக்காலம் முழுக்க, கடலூரிலும் புதுச்சேரியிலும் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி, வெவ்வேறு வகை டென்ட்களை அதே தோப்பில் அடித்துப் பார்த்தோம்.

வகைகளுக்குப் போகும் முன், நமக்கு டென்ட் எங்கே தேவைப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து மலைகள் என்றால் செஞ்சி, கல்வராயன், ஜவ்வாது. ஆனால் அனுமதியில்லாமல் காட்டுக்குள் இரவு தங்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளிலும் பெரும்பாலானவை பகலில் போய்த் திரும்புகிறவைதான். ஆகவே இங்குள்ளவர்கள் டென்ட்டை முதுகில் சுமப்பது பெரும்பாலும் இமயமலைப் பக்கம். மிச்ச மாதங்களில் அது கடலோரத்து வீட்டு அலமாரியில் கிடக்கும். மலையின் மழையையும் காற்றையும் தாங்க வேண்டும், கடற்கரையின் ஈரத்தையும் தாங்க வேண்டும். இரண்டாவது விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

முதலில் அகலம். வழக்கமான காற்று மெத்தை 51 செ.மீ. அகலம், அகல மெத்தை 64 செ.மீ. இரண்டு அகல மெத்தைகளைச் சேர்த்துப் போட்டால் 128 செ.மீ. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்காரர் தரும் அளவுகளைப் படியுங்கள். கடையில் கிடைக்கும் நான்கு மாடல்களின் தரை அகலம் இது: நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2 என்றால் 125 செ.மீ. பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் இருவர் டென்ட் தலைமாட்டில் 132, கால்மாட்டில் 107. டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 2 ஏறக்குறைய 127. இசட்பேக்ஸ் டியூப்ளெக்ஸ் சுமார் 114. அதாவது '2 பேர்' என்பதற்கு இரண்டு மெத்தை ஒட்டி ஒட்டிக் கிடக்கும் என்பதுதான் பொருள். பைக்கு இடமில்லை, புரண்டு படுக்கவும் இடமில்லை. கணவன் மனைவிக்கு இது பெரிய குறையாக இல்லாமல் போகலாம். அத்தை மகன் ஆறடி உயரம், தூக்கத்தில் முழங்கையை விரிப்பவன். எங்களுக்கு ஒவ்வொரு செ.மீ.யும் கணக்கு. ஆளுக்கொரு 51 செ.மீ. மெத்தை என்று அன்றே முடிவு செய்தோம்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். உயரமான ஆள் படுத்தால் கால் பக்கச் சுவரில் தூங்கும் பை போய் முட்டும். முட்டுகிற இடத்தில் ஈரம் ஏறும். 210 செ.மீ. நீளம் என்று போட்டிருந்தாலும் சுவர் சாய்வாக இறங்குவதால், மெத்தையின் கனத்துக்கு மேலே மிஞ்சுவது அதைவிடக் குறைவு.

இனி வகைகள். கிளவுட் அப் 2 போல, தலைமாட்டில் ஒரே வாசல் வைத்த டென்ட்களின் நல்ல பக்கம் குறைந்த விலை. ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை, உள்ளே வலை, வெளியே தனித் துணி, அலுமினியக் கம்பி எல்லாம் இந்த விலையில் வேறெதிலும் கிடைக்காது. தனியாகப் போகிறவர் தயங்காமல் வாங்கலாம். இருவருக்கு என்றால் என் கருத்து கடுமையானது: வாசல் ஒன்று என்றால் அது ஒன்றரை ஆள் டென்ட். முதல் இரவிலேயே அது தெரிந்துவிட்டது.

இரண்டு பக்கமும் வாசல் உள்ள, தானாக நிற்கும் டென்ட்டுக்கு காப்பர் ஸ்பர் பேர் பெற்ற உதாரணம், எடை 1.4 கிலோவை ஒட்டி. ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு திண்ணை. திண்ணை என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டோம். மேல்துணி முன்னால் நீண்டு, பையும் செருப்பும் நனையாமல் வைக்க இடம் தருகிறதே, அந்தப் பகுதி. முளை அடிக்காமலே உருவம் நிற்பதால் பாறை மேல், மரப்பலகை மேல், சிமெண்ட் மொட்டை மாடியில் எங்கும் வைக்கலாம். வைத்த பிறகு 'இங்கே சரிவாக இருக்கிறது' என்று தூக்கி இடம் மாற்றலாம். இருட்டிய பின் சோர்ந்து போய்ச் சேருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. குறை இரண்டு: அமெரிக்க விலையே 500 டாலரைத் தாண்டும், வரவழைக்கும் செலவும் வரியும் தனி. அடுத்து, இந்த எடைக்கு இறங்க மெல்லிய நைலான் துணி வேண்டியிருக்கிறது. நைலான் ஈரம் குடித்தால் நெகிழும். மாலையில் விறைப்பாகக் கட்டிய மேல்துணி விடிகாலையில் தொய்ந்து உள்வலையில் ஒட்டும். மழையில் ஒருமுறை எழுந்து கயிறுகளை இழுத்துவிட வேண்டும்.

மூன்றாவது வகையை முதலில் நான் நம்பவில்லை. கம்பியே கிடையாது, நடக்கும்போது ஊன்றிக்கொள்ளும் மலையேற்றக் கோல்கள் இரண்டையும் தூணாக நிறுத்த வேண்டும். எக்ஸ்-மிட் 2 இந்த வகை. இருவருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இதிலும் இரண்டு வாசல், இரண்டு திண்ணை. துணி பாலியெஸ்டர் என்பதால் நனைந்தாலும் அவ்வளவாக நெகிழாது. மேல்துணியை முதலில் கட்டிவிட்டு அதன் அடியில் உள்வலையை மாட்டலாம் என்பது மழை நாளில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அடித்துப் பார்த்தால்தான் புரியும். உள்ளே படுக்கிற இடம் நனைவதே இல்லை. செவ்வகத் தரையில் நான்கு மூலையில் முளை அடித்து, இரண்டு கோலை ஏற்றினால் நின்றுவிடும். முதல் தடவை எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது; நான்காவது தடவை ஐந்தே நிமிடம்.

ஆனால் முளை பிடிக்காத இடத்தில் இந்த வகை நிற்காது. தோப்பின் செம்மண்ணில் பிரச்சினையே இல்லை. ஒரு விடியற்காலை தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எடுத்துப் போய் அடித்தோம். உப்புக்காற்றில் முளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பிறகு ஐந்து கிலோ அரிசிப் பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தோம். அசையவில்லை. பாறைத் தளத்தில் இதற்குப் பதில் கனமான கற்களைக் கட்ட வேண்டும், அதற்கு நேரமாகும். கோல் ஊன்றி நடக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இது லாபமில்லை; தனியாகத் தூண் வாங்கிச் சுமந்தால் மிச்சம் பிடித்த எடை அங்கே போய்விடும். விமானத்தில் போகிறவர்கள் கோல்களைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது, டியூப்ளெக்ஸ் போன்ற ஒற்றைச் சுவர் டென்ட்; மேல்துணிக்கு அடியில் தனி உள்கூடு கிடையாது. டைனீமா என்ற லேசான, வலுவான இழை கலந்த துணி. எடை ஏறக்குறைய அரை கிலோ. கையில் வாங்கியபோது பை காலியோ என்று சந்தேகம் வந்தது. துணி நீளாது, தண்ணீர் குடிக்காது. அமெரிக்கா போய் வந்த நண்பர் ஒருவர் இந்த வகை ஒன்றை இரவல் கொடுத்தார். இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம் படிய இருப்பது ஒரே ஒரு சுவர்தான். தைப்பனியில் காலையில் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். தோள் பட்ட இடமெல்லாம் நனைந்தது. உயரமான, வறண்ட மலைகளில் இதன் மதிப்பே வேறு. விலை இருக்கும் உயரத்தில், கடலோர ஈரத்தில் பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்போது அலமாரி விஷயம். என்னிடம் முன்பு ஒரு டென்ட் இருந்தது. சுருட்டும்போது கொஞ்சம் ஈரம். நாளைக்கு உலர்த்தலாம் என்று பரணில் போட்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டிய மழை அது. பிறகு வீட்டுச் சுவர்களே வாரக்கணக்கில் ஈரம் கசிந்தன. பொங்கலுக்கு எடுத்துப் பிரித்தால் மேல்துணியின் உள்பக்கம் பசை போல ஒட்டியது, புளித்த வாடை வீசியது. மழை புகாமல் இருக்கப் பூசும் பாலியூரித்தேன் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேதி மாற்றம் அடைந்து சிதைகிறது. அப்புறம் எந்த சோப்பாலும் மீட்க முடியாது. பூச்சுகளிலும் வேறுபாடு உண்டு: பாலியெதர் வகைப் பூச்சு இந்தச் சிதைவை நன்றாகத் தாங்கும். எக்ஸ்-மிட்டில் வெளிப்பக்கம் சிலிக்கான், உள்பக்கம் இந்தப் பாலியெதர் பூச்சு. நம்மூர்க்காரருக்கு இது எடையைவிடப் பெரிய காரணம் என்பேன். எந்த டென்ட் வாங்கினாலும் 'என்ன பூச்சு?' என்று கேளுங்கள்.

அதோடு உப்பு. அலுமினியக் கம்பியின் இணைப்பு முனைகளில் கடற்காற்று படிந்தால் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும்; ஒன்றுக்குள் ஒன்று மாட்டும் இடம் இறுகிவிடும். கடற்கரையில் விரித்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். ஜிப்புக்கும் அதேதான். முந்திரித் தோப்பில் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழம் விழும் பங்குனி சித்திரையில் மரத்தடியை விட்டுத் தள்ளி அடியுங்கள். பழச்சாற்றின் கறை போகவே போகாது.

நாங்கள் மூன்றாம் வகையைத்தான் எடுத்தோம், பாலியெஸ்டர் துணியில். இரண்டு பேருமே கோல் ஊன்றி நடக்கிறவர்கள். முளை ஏறாத பாறைத்தளப் பாதைக்கு என்றால் இரண்டாம் வகையை எடுத்திருப்போம். பங்கு போடுவதையும் அப்போதே முடித்தோம்: மேல்துணியும் முளைகளும் அவன் பையில், உள்வலையும் தரைவிரிப்பும் என் பையில். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்து, மிஞ்சிய கிராமுக்கு அடுப்பின் எரிவாயுக் குடுவையை என் பக்கம் சேர்த்தோம். போய் வந்த பிறகு டென்ட் சுருட்டிய பையில் இருப்பதில்லை. பழைய பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு, லாஸ்பேட்டையில் அவன் வீட்டு மாடியறையில் காற்றோட்டமாகத் தொங்குகிறது. ஐப்பசி பிறக்கும் முன் ஒரு பகல் முழுக்க நிழலில் விரித்து உலர்த்துவது அவன் வேலை.