பெண்ணுறையா, டயாபிரமா?

இரண்டும் பெண்கள் அணியும் கருத்தடைச் சாதனங்கள். இரண்டும் விந்தணு கருப்பைக்குள் செல்லாமல் தடுப்பவை, இரண்டிலும் ஹார்மோன் இல்லை. எனினும் பயன்படுத்தும் விதத்தில் இவை பெரிதும் வேறுபடுகின்றன.

பெண்ணுறை என்பது இரு முனைகளிலும் வளையம் கொண்ட, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் போன்றவற்றால் ஆன மெல்லிய பை. உள்வளையத்தை விரல்களால் எட்டு வடிவில் அழுத்தி உள்ளே செலுத்தினால், அது கருப்பை வாயருகே விரிந்து நிற்கும். வெளிவளையம் வெளியிலேயே இருக்கும். உறவு முடிந்ததும், எழுந்து நிற்பதற்கு முன்பே வெளிவளையத்தை முறுக்கி வெளியே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விந்து சிந்திவிடும். ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஆணுறையோடு சேர்த்து அணிந்தால் உராய்வில் கிழியக்கூடும்.

டயாபிரம் கருப்பை வாயை மூடும் ஆழமற்ற கிண்ணம். விந்தணுக்கொல்லிக் களிம்பு தடவி அணிய வேண்டும். உறவுக்குப் பின் குறைந்தது 6 மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும், 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்பதால் செலவு குறைவு. ஆனால் பல வகைகளுக்கு மருத்துவர் அளவு பார்த்துத் தர வேண்டியிருப்பதோடு, பிரசவத்துக்குப் பின் அந்த அளவை மறுபடியும் சரிபார்த்தாக வேண்டும்.

நடைமுறைப் பயன்பாட்டில், ஓராண்டில் 100 பெண்களில் பெண்ணுறையுடன் ஏறத்தாழ 21 பேரும், டயாபிரமுடன் ஏறத்தாழ 17 பேரும் கருத்தரிக்கிறார்கள். இந்தச் சிறு வேறுபாட்டை விட, எச்ஐவி உள்ளிட்ட பால்வினைத் தொற்றுகளிலிருந்து பெண்ணுறை பாதுகாப்புத் தருகிறது, டயாபிரமை அதற்கு நம்ப முடியாது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. துணைவரின் உடல்நிலை பற்றி உறுதியாகத் தெரியாத பெண்ணுக்குப் பெண்ணுறையையே பரிந்துரைப்பேன்.