அனிமேஷனா, பாட்காஸ்டா?

கனடாவில் சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தங்கள் மொழியையும் பண்பாட்டையும் மறக்கவைக்கும் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். அரசு பணம் கொடுத்தது, பெரும்பாலும் தேவாலயங்கள் நடத்தின. இதைப் பற்றி வகுப்புக்கு ஒரு ஊடகப் படைப்பு செய்யும்போது அனிமேஷன், பாட்காஸ்ட் இரண்டில் எதை எடுப்பது என்று நிறைய யோசித்தேன்.

அனிமேஷன் சட்டென்று மனதைப் பிடித்துவிடும். 12 வயது சானி வென்ஜாக் 1966 அக்டோபரில் கெனோரா என்ற ஊரில் இருந்த அப்படியொரு பள்ளியிலிருந்து தப்பினான். சுமார் 600 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டை நினைத்துத் தண்டவாளத்தோரம் நடந்தவன், குளிரில் இறந்துபோனான். அவனிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதில் சில தீக்குச்சிகள். அந்தக் குப்பியை வரையலாம், அவன் முகத்தை? அதில் என் கற்பனைதான் இருக்கும். அந்தப் பள்ளிகளே படத்தை நம்பியவைதான். ரெஜைனா பள்ளியில் தாமஸ் மூர் என்ற சிறுவனை முதலில் பின்னிய கூந்தலோடும், அப்புறம் வெட்டிய முடியும் சீருடையுமாகவும் காட்டும் புகைப்படங்களை அரசு பெருமையாக வெளியிட்டது. அதைப் பார்த்தபின் எனக்குப் படத்தின் மேல் தயக்கம் வந்துவிட்டது.

பாட்காஸ்டில் தப்பிப் பிழைத்தவர்களே பேசுவார்கள். இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 6,500க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டது. பேச்சு நடுவில் நிற்கும், மூச்சு வாங்கும். அதை வெட்டாமல் விடலாம். சரி, அனுமதி கேட்பது, காத்திருப்பது எல்லாம் உண்டு. இருந்தாலும் பாட்காஸ்டையே தேர்ந்தெடுத்தேன். இசைகூடச் சேர்க்கப்போவதில்லை.